பினாங்குப் பூச்சு

முத்தழகுக்கு முகம் வீங்கின அன்றைக்கே பொன்னுத்தாயி ஊரில் பாதிப்பேரை மனசுக்குள் விசாரித்து முடித்துவிட்டாள். களையெடுக்க வந்தவர்களில் எவள் "பிள்ள பளபளன்னு இருக்கே" என்று வாயை விட்டாள், கருவாட்டுக்காரி ஏன் கூடையை இறக்கி வைத்து அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாள், எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவந்தாள். பால் வாங்கினால் விரலில் தொட்டுப் பார்ப்பாள், தயிர் கொடுத்தால் முகர்ந்து பார்ப்பாள், அப்படி ஒரு பிறவி. "ஒங்க ஆத்தா பொறக்கும்போதே மருத்துவச்சியச் சந்தேகமாத்தான் பாத்துருப்பா" என்று அவள் புருஷன் சேவுகன் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

சிரிக்கிற மாதிரி இருக்கவில்லை இப்போது. விடிந்து எழுந்தால் பெண்ணின் இமைகள் இரண்டும் உப்பிக் கண் கீறலாகத் தெரிந்தது. மத்தியானம் கொஞ்சம் வடியும், மறுநாள் காலையில் இன்னும் கூடுதலாக ஏறும். அப்புறம் கால் வீங்கிக் கொலுசு சதைக்குள் பதிந்தது. மாட்டுக்குக் கூளம் அள்ளிப் போடவே மூச்சு வாங்குகிறது என்றாள். எழுபத்தொன்றாம் வருஷத்துக் கார்த்திகை அது. நேமத்தான்பட்டிக் கண்மாய் தளும்பிக் கிடந்தது. வயல் எல்லாம் பச்சை. தை பிறந்தால் அறுப்பு, அறுப்பு முடிந்ததும் முத்தழகுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை வீடு கண்டரமாணிக்கம். பையனுக்கு மாதச் சம்பளம், நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஆவணியில் பெண் பார்க்க வந்தவர்கள் பணியாரமும் காப்பியும் சாப்பிட்டுத் திருப்தியாகத்தான் கிளம்பினார்கள். வண்டியில் ஏறும்போதுதான் மாப்பிள்ளையின் தாயார் அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"பிள்ள லச்சணமாத்தான் இருக்கு. நெறந்தான் ஒரு மாத்துக் கொறைச்சல். தைக்கு இன்னும் நாள் கெடக்கே, வெயில்ல விடாம வச்சிருந்தீகன்னா தெளிஞ்சிரும்."

பொன்னுத்தாயிக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் தோட்டத்துக் கத்தரிக்காயை மடியில் கட்டிக்கொண்டு ஊர்ச் செட்டியார் வீட்டுச் சிகப்பி ஆச்சியிடம் போனாள். ஆச்சி நல்ல மனுஷி. விஷயத்தைக் கேட்டதும் பெட்டகத்தைத் திறந்து ஒரு கண்ணாடி டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"எங்க பிள்ளைக அப்பச்சி பினாங்குலருந்து வந்தப்பக் கொண்டாந்தாக. அங்குட்டுப் பொம்பளைக எல்லாம் இப்ப இதத்தான் பூசுறாகளாம். மஞ்சளு, பயத்தமாவு எல்லாம் பழசாப் போச்சு பொன்னுத்தாயி. ராத்திரி பூசு, காலையில கழுவு. அவ்வளவுதேன். தீந்துச்சுன்னா வா, இன்னும் கெடக்கு."

டப்பாவுக்குள் வெண்ணெய் மாதிரி இருந்தது. மேலே நிலாப் படம், சுற்றிலும் புரியாத எழுத்து. ஆச்சி கையால் வந்த சாமான், அதுவும் கப்பலில் வந்தது. பாலைத் தொட்டுப் பார்க்கிற பொன்னுத்தாயி இதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

விளக்கேற்றியதும் பெண்ணை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவாள். தன் மோதிரவிரலால் எடுத்து நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் தேய்ப்பாள். "எரியுதுத்தா" என்று முத்தழகு முகத்தைத் திருப்புவாள். "எரியட்டும். அப்பத்தான் பழைய தோலு உரியும்" என்று தாடையைப் பிடித்துத் திருப்பி இன்னும் கொஞ்சம் அப்புவாள். கதவைச் சாத்தினது மருமகளுக்குத் தெரியாமல் இருக்கத்தான். கல்யாணப் பெண்ணுக்கு டப்பாவில் வந்த நிறம் என்று வெளியே தெரிந்தால், தெரிந்த மறுநிமிஷம் கண்டரமாணிக்கத்துக்குப் போய்விடும்.

மருமகள் சின்னக்கண்ணு அரியக்குடிப் பெண். மூத்த மகன் அழகுசுந்தரத்துக்குக் கட்டி வந்தவள். அவளுக்கு ஒரு தம்பி, சேதுபதி என்று. பெண்ணெடுத்த வீட்டுக்கே பெண் கொடுப்பதுதானே வழக்கம், முத்தழகைத் தம்பிக்குக் கேட்கலாம் என்று அவள் ஒருதரம் வாய்விட்டிருந்தாள். ஏர் பிடிக்கிறவனுக்கு என் மகளைக் கொடுக்கமாட்டேன் என்று பொன்னுத்தாயி ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். சின்னக்கண்ணு அதற்கு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுக்காததுதான் பொன்னுத்தாயிக்கு உறுத்தியது. ஒரு பெண் இத்தனை சாதுவாக இருப்பாளா என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பூச்சு வேலை செய்தது, அதையும் சொல்ல வேண்டும். ஐப்பசி மழை பிடிக்கும்போது முத்தழகின் முகம் நன்றாக வெளுத்துவிட்டது. கையும் காலும் மட்டும் பழைய நிறத்தில் இருந்தன. பொன்னுத்தாயி மகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். அந்தப் பூரிப்பு அடங்குவதற்குள் வீக்கம் வந்துவிட்டது.

கைவைத்தியம் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் பஸ் ஏறிக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். லேடி டாக்டர், வயசு கம்மி, பேச்சு கறார். பெண்ணின் காலை அமுக்கினாள். விரல் எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து விளக்கில் காட்டினாள். சூடு ஏற ஏற அது முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரைந்து வந்தது. டாக்டர் முகம் மாறிவிட்டது.

"முகத்துல என்ன போடுறீங்க?"

பொன்னுத்தாயி பதில் சொல்ல வாயைத் திறந்தவள், பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்து மூடிக்கொண்டாள். சற்று முன்புதான் சீட்டு எழுதும்போது அந்த நர்ஸ், "நீங்க நேமத்தான்பட்டியா? நான் கண்டரமாணிக்கம்" என்று சிரித்த முகமாகச் சொல்லியிருந்தாள். சகாயம்மாள் என்று பெயர். கழுத்தில் சிலுவை போட்டிருந்தாள். வேதக்காரப் பெண்ணானால் என்ன, ஊர் அதே ஊர்தானே. தண்ணிக்குப் போகிற இடத்தில் மாப்பிள்ளையின் தாயாரைப் பார்க்கமாட்டாளா?

"மஞ்சளும் பயத்தமாவுந்தான் டாக்டரம்மா. வேற ஒண்ணும் போடுறதில்ல."

"முகம் ஒரு நிறமா இருக்கு, கை ஒரு நிறமா இருக்கே?"

"அது அப்படித்தாங்க. முக்காடு போட்டுத்தான் வயலுக்குப் போவா. கையில வெயிலு படும், மொகத்துல படாது."

டாக்டர் முத்தழகைப் பார்த்தாள். முத்தழகு ஆத்தாளைப் பார்த்தாள். ஆத்தாள் ஒரு பார்வை பார்க்க, பெண் தலையைக் குனிந்துகொண்டது.

"நாட்டு மருந்து ஏதாவது? செந்தூரம், பஸ்பம் மாதிரி?"

"இல்லங்க."

"இது மூத்திரப்பை நோய் இல்ல. சிறுநீரகமே பழுதாகிட்டு வருது. உடம்புக்குள்ள ஏதோ விஷம் போயிருக்கோன்னு சந்தேகமா இருக்கு. எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சாத்தான் நிறுத்த முடியும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தெரியாம விட்டா உயிருக்கே ஆபத்து. உப்பு இல்லாம சாப்பாடு கொடுங்க. அடுத்த வாரம் வாங்க."

டாக்டர் சொன்னதில் மூன்றே மூன்று வார்த்தைதான் பொன்னுத்தாயியின் காதில் நின்றது. உள்ளே போன விஷம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே மென்றுகொண்டு வந்தாள். உள்ளே போவது எது? சோறு. சோறாக்குகிறது யார்? பஸ் குன்றக்குடி ரோட்டைத் தாண்டுவதற்குள் வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. இடுமருந்து. சோற்றில் மருந்து வைத்திருக்கிறாள் சின்னக்கண்ணு. நல்ல இடம் கெட்டுப்போனால் தன் தம்பிக்குத்தானே வரும் என்ற கணக்கு.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் நின்று பிடித்தாள்.

"இனிமே என் மகளுக்கு நான் ஆக்கிக்கிறேன். நீ அவ சட்டிய தொடாத."

அயிரை மீனை மண்சட்டியில் உரசிக்கொண்டிருந்த சின்னக்கண்ணு நிமிர்ந்தாள். "ஏன் அத்த? டாக்டரம்மா என்ன சொன்னாக?"

"என்ன சொன்னாகன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்."

"தெரியாமத்தானே கேக்குறேன்."

"உள்ள விசம் போயிருக்குன்னு சொன்னாக. சோத்து வழியாத்தான் போயிருக்கும். நான் யாரையும் சொல்லல. அவுகவுக நெஞ்சுக்குத் தெரியும்."

சின்னக்கண்ணு கையிலிருந்த மீனைச் சட்டியிலேயே போட்டாள். "நானா அத்த?" என்றாள். பொன்னுத்தாயி முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டாள். சேவுகன் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்டி, ஒனக்குக் கிறுக்கா? அந்தப் பிள்ள ஆக்குறதத்தான் நான் திங்கிறேன், நீ திங்கிற, எல்லாரும் திங்கிறோம். எங்களுக்கு ஏன் வீங்கல?"

"அவ தட்டுல போடும்போது தனியா வைப்பா. ஒங்களுக்கு என்ன தெரியும்? ஆம்பளைக்கு அடுப்படி நெலவரம் தெரியுமா?"

அதோடு விட்டிருந்தாலும் வீட்டுக்குள் அடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமை கண்மாய்க்கரைக் கருப்பர் கோயிலுக்கு மருமகளை நடத்திக் கூட்டிப்போனாள். ஊர் கூடிவிட்டது. சூடத்தை ஏற்றி வைத்து, "நீ வைக்கலேன்னா அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றாள். அழகுசுந்தரம் ஆத்தாளுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எருமை மாதிரி நின்றான் என்று சொன்னால் எருமைக்குத்தான் கோபம் வரும். சின்னக்கண்ணு முன்னால் வந்தாள். உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தாள். கை பொத்துப்போனது. அப்படியே பாதையில் இறங்கி, வீட்டுக்குக்கூடத் திரும்பாமல் அரியக்குடிக்கு நடந்துவிட்டாள்.

"பாத்தீகளா? குத்தமில்லாதவ ஏன் ஓடுறா?" என்று பொன்னுத்தாயி கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்.

இப்போது மகளுக்கு அவளே வடித்தாள், அவளே ஊட்டினாள். உப்பில்லாத கஞ்சியைப் பெண் குமட்டிக்கொண்டு குடித்தது. விளக்கேற்றியதும் கதவைச் சாத்திப் பூச்சையும் விடாமல் பூசினாள். வீங்கின முகம் மங்கித் தெரிந்ததால் முன்னைவிடக் கூடுதலாகவே பூசினாள். இரண்டாவது டப்பாவும் அடியைத் தொட்டது.

இடுமருந்துக்கு டாக்டர் என்ன செய்வாள் என்று அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. வீக்கம் வடியவில்லை. வயிறும் உப்பத் தொடங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று முத்தழகு சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். "ஆத்தா, மதினியக் கூப்பிடு. மதினி வந்து காலைப் பிடிச்சுவிட்டாத் தூங்குவேன்" என்றாள். அந்தக் குரலில் ஒரு துளி பலமில்லை. பொன்னுத்தாயி கஞ்சியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். மருமகள் போயாயிற்று, சோறு என் கையால் போகிறது, பிறகும் ஏன் ஏறுகிறது? பழைய மருந்து உள்ளே நின்று வேலை செய்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே அது அத்தனை பலமாக இல்லை.

இந்த லட்சணத்தில் கை மோதிரமும் வெளுத்துவிட்டது. அவள் தாயார் போட்டு அனுப்பிய பவுன் மோதிரம். கொஞ்ச நாளாகவே மங்கலாகத் தெரிந்தது, இப்போது பார்த்தால் வெள்ளி மாதிரி இருந்தது. போன வருஷம் பிளந்துபோனதை ஒட்ட வைக்கக் கொடுத்திருந்தாள் அல்லவா, ஆசாரி மாற்றிவிட்டான். முடிவு கட்டிக்கொண்டு போய்ப் பட்டறையில் மோதிரத்தைக் கழற்றி எறிந்தாள்.

"என்ன ஆசாரி, பவுன எடுத்துக்கிட்டு வெள்ளியத் தட்டிக் குடுத்துருக்கீகளே, நல்லா இருப்பீகளா?"

கிழவர் பதற்றப்படவில்லை. மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரிநெருப்பில் வைத்து ஊதுகுழலால் ஊதினார். முகத்தை மட்டும் அங்குட்டுத் திருப்பிக்கொண்டார். சற்று நேரத்தில் எடுத்துத் துடைத்துக் காட்டினார். மஞ்சள் திரும்பியிருந்தது.

"ஒங்க மோதிரந்தான், ஒங்க பவுனுதான். ரசம் ஏறியிருக்கு. பாதரசம். அது பட்டாத்தான் பவுனு இப்படி வெளுக்கும். நெருப்புல காட்டுனா ஓடிரும்."

"பாதரசமா? அது விசமில்ல?"

"விசந்தான். அதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஊதுறேன்."

பொன்னுத்தாயிக்கு முகம் மலர்ந்தேவிட்டது. கையும் களவுமாக அகப்பட்டுவிட்டாள் சின்னக்கண்ணு! ரசத்தைத்தான் சோற்றில் வைத்திருக்கிறாள், சோறு பிசைந்த கையில் ஏறிவிட்டது.

"ஒரே ஒரு சந்தேகம் ஆசாரி. சோத்துல ரசம் இருந்து, பிசைஞ்சா மோதிரத்துல ஏறுமா?"

"பிசையிற கை எது?"

"இது என்ன கேள்வி? சோத்துக் கைதான்."

"மோதிரம் இந்தக் கையிலதான போட்டுருந்தீக" என்று ஆசாரி அவளுடைய இடது கையைக் காட்டினார். "இந்தக் கையால என்னத்தையோ தொட்டுத் தேய்ச்சிருக்கீக. என்னன்னு யோசிச்சுப் பாருங்க."

வலது கையால் மகளின் தாடையைப் பிடிப்பாள். இடது கை மோதிரவிரலால் பூசுவாள். சாப்பிடுகிற கையில் மருந்துப் பிசுக்கு ஆகக்கூடாது என்று அவளே வைத்துக்கொண்ட ஏற்பாடு. பொன்னுத்தாயி அந்த விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். ஊரில் அத்தனை பேரையும் விசாரித்தவள், ஒருத்தியை மட்டும் விசாரிக்காமல் விட்டிருந்தாள்.

அன்றைக்கே மாட்டுவண்டி கட்டி மகளைக் காரைக்குடிக்குக் கொண்டுபோனார்கள். டப்பாவைச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தாள். சகாயம்மாள்தான் கைத்தாங்கலாக முத்தழகைக் கட்டிலில் உட்கார வைத்தாள். இந்தத் தடவையும் நகராமல் பக்கத்திலேயே நின்றாள். பொன்னுத்தாயி அவளை ஒருதரம் பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள்.

"இதத்தான் பூசினேன் டாக்டரம்மா. ஆவணியிலருந்து. அன்னைக்கி நான் பொய் சொன்னேன்."

டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்தாள். பொன்னுத்தாயி ஆசாரி சொன்னதையும் சொன்னாள். டாக்டர் டப்பாவை மேஜையில் ஓங்கி வைத்தாள்.

"தோல் வழியா உள்ள போயிருக்கும்மா. தினம் தினம் நீங்களே ஏத்தியிருக்கீங்க. தெரியாம பூசினீங்க, சரி. கேட்டப்ப ஏன் மறைச்சீங்க? இத்தனை நாள் என் கண்ணைக் கட்டிவிட்டுட்டு வைத்தியம் பாருன்னா நான் எப்படிப் பார்ப்பேன்?"

"அந்த நர்ஸம்மா கண்டரமாணிக்கம். அதான்..."

சகாயம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"ஏம்மா, நான் இந்த வார்டுல பாக்குறத எல்லாம் ஊருல போயிச் சொன்னா எனக்குச் சோறு செரிக்குமா? என்னைப் பாத்துப் பயந்தா பெத்த பிள்ளைய இந்தக் கெதிக்குக் கொண்டாந்தீக?"

அன்றோடு பூச்சு நின்றது. பெண் ஆஸ்பத்திரியில் கிடந்தது. மார்கழி முழுக்க உயிர் இங்குட்டா அங்குட்டா என்று இருந்து, பொங்கல் கழிந்து மெல்ல மெல்ல வடியத் தொடங்கியது. பிழைத்துக்கொள்வாள், வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள் டாக்டர். வெளுத்த முகத்தில் பழைய நிறம் திட்டுத்திட்டாகத் திரும்பி வந்தது. மிச்சமிருந்த டப்பாக்களைப் பற்றிச் சொல்லப் போனபோது சிகப்பி ஆச்சி பதறிப் போனாள். "முருகா, பேத்திக்குக் குடுக்கணும்னுல்ல எடுத்து வச்சிருந்தேன்" என்று பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொல்லையில் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னாள்.

கல்யாணம் நடக்கவில்லை. கண்டரமாணிக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து சொல்லிவிட்டுப் போனார். சேவுகன் கூனிக்குறுகி, "பிள்ளைக்கு ஒடம்பு தேறிருச்சு, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா..." என்றார். வந்தவர் வெற்றிலையைத் தொடாமல் எழுந்தார்.

"ஒடம்புக்கு வாரது சகசந்தானங்க. நெறத்தைப் பத்தியும் எங்க அக்கா ஒண்ணும் சொல்லல. சோத்துல மருந்து வைக்கிற வீடுன்னு கருப்பர் கோயில்லயே சத்தியம் நடந்துச்சாமே. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. அந்த வீட்டுல கையி நனைக்க எங்களுக்குத் தெம்பு இல்லங்க."

டப்பா விஷயம் கண்டரமாணிக்கத்துக்குப் போகவே இல்லை. சகாயம்மாள் வாயைத் திறக்கவில்லை. பொன்னுத்தாயி அன்று கொல்லையில் போய் உட்கார்ந்து வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள்.

மாசியில் அவளே அரியக்குடிக்குப் போனாள். யாரையும் துணைக்குக் கூட்டிக்கொள்ளவில்லை. சேதுபதி வாசலில் நின்றவன், அவளைக் கண்டதும் வயலுக்கு இறங்கிப் போனான். சின்னக்கண்ணு முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் சூட்டுத் தழும்பு வழவழப்பாகத் தெரிந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா. வீட்டுக்கு வா."

"முத்தழகு எப்படி இருக்கு?"

"ஒன்னையத்தான் தேடுது."

சின்னக்கண்ணு முறத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேரே நாத்தனாளிடம் போய் அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். முத்தழகு மதினியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். பொன்னுத்தாயிக்குப் போன உயிர் திரும்பினது போல் இருந்தது.

பொழுது சாய அடுப்பு மூட்டி உலை வைத்ததும் சின்னக்கண்ணுதான். புதுநெல்லுச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, முத்தழகுக்கு உப்பில்லாமல் தனியாக. எல்லாரும் வட்டில் முன்னால் உட்கார்ந்தார்கள். பொன்னுத்தாயியின் வட்டிலில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றின சின்னக்கண்ணு அதை உடனே நகர்த்திக் கொடுக்கவில்லை. அதிலிருந்தே ஒரு கவளம் பிசைந்து எடுத்துத் தன் வாயில் போட்டு, மென்று விழுங்கினாள். விழுங்கினதை எல்லாரும் பார்க்கிற மாதிரிச் சற்று நேரம் நின்றாள். பிறகு முத்தழகின் வட்டிலிலும் அதேபோல் ஒரு வாய். அதற்கு அப்புறம்தான் இரண்டையும் நகர்த்தினாள்.

"இதெல்லாம் எதுக்குத்தா?" என்றாள் பொன்னுத்தாயி.

"இருக்கட்டும் அத்த" என்றாள் சின்னக்கண்ணு. மறுநாள் காலையில் கஞ்சி ஊற்றும்போதும் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கொடுத்தாள். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.